ஒரே ரிடிம், பன்னிரண்டு குரல்கள்: ரெகே தொகுப்பு தயாரிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஜமைக்காவின் ரெகே, டான்ஸ்ஹால் இசையில் ஒரு பாடலைத் தாங்கி நிற்கும் வாத்தியப் பின்னணியை ரிடிம் என்பார்கள். அதைத் தாளம் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதி விடுபட்டுப் போகும். டிரம்ஸோடு இழைந்து வரும் பேஸ் வரிதான் ஒரு ரிடிமுக்கு முகம் தருகிறது. அந்த ஒரே பின்னணியின் மேல் பல பாடகர்கள் தத்தம் சொல்லையும் மெட்டையும் ஏற்றிப் பாட, அவை எல்லாவற்றையும் ஓர் ஆல்பமாகச் சேர்ப்பதே ஒரு-ரிடிம் தொகுப்பு.

இத்தகைய தொகுப்பில் வேலையின் வரிசை மிக முக்கியம். தனிப்பாடலில் நேரும் பிழை அந்தப் பாடலோடு நின்றுவிடும். இங்கே ரிடிமில் நேரும் பிழை பன்னிரண்டு பாடல்களிலும் ஒலிக்கும். திருத்த நினைத்தால் பன்னிரண்டு பேரிடம் திரும்பிப் போக வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை அடுத்த படியை முந்திக்கொண்டு எடுப்பதால் வருபவை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பல தடங்களில் பதிவு செய்யக்கூடிய ஒலிப்பதிவு மென்பொருள், பேஸ் ஒலியை நம்பிக் கேட்கத்தக்க ஸ்பீக்கர்கள், உயிருள்ள விரல்களால் பேஸ் வாசிக்கத் தெரிந்த ஒருவர், ரிடிமைச் சோதித்துப் பார்க்க இரண்டு குரல்கள், எழுத்து மூலமான ஒப்பந்த வரைவு ஆகியவை போதும். கடைசியாகச் சொன்னதைப் பலர் இறுதிக்குத் தள்ளிவிடுகிறார்கள்; ஐந்தாம் படியில் அதன் விளைவு தெரியும்.

பாடகர்களின் பட்டியல் இப்போது தேவையில்லை. பட்டியல் முதலில் வந்துவிட்டால், அதிலுள்ள பெரிய பெயர் ஒன்றுக்குப் பொருந்துமாறு ரிடிம் வளைந்துவிடும். மற்ற பதினொருவரும் அவருடைய சட்டையை அணிந்து பாடுவதுபோல் ஆகிவிடும்.

2. புதிய ரிடிமா, பழைய ரிடிமா என்பதை முடிவு செய்யுங்கள்

ஜமைக்காவில் பழைய ரிடிமை மீண்டும் வாசித்துப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். ஸ்டூடியோ ஒன் நிறுவனத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழுவினர் 1960களின் பிற்பகுதியில் வாசித்த ரியல் ராக் ரிடிமை அதற்குப் பின் வந்த தலைமுறைகள் எல்லாம் திரும்ப எடுத்திருக்கின்றன. இதைப் பார்த்து, பழைய ரிடிம்கள் ஊர்ப் பொதுச்சொத்து என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. ஜமைக்காவின் பதிப்புரிமைச் சட்டம் 1993ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்புக் காலத்தை 95 ஆண்டுகளாக நீட்டியது.

பழைய ஒலிப்பதிவிலிருந்தே ஒரு துண்டை எடுத்தால் பதிவின் உரிமையாளர், இசையமைப்பின் உரிமையாளர் ஆகிய இருவரின் அனுமதியும் வேண்டும். நீங்களே புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் பதிவுக்கான அனுமதி தேவைப்படாது. ஆனால் பேஸ் வரி இன்னொருவருடையது என்பதால் இசையமைப்புக்கான அனுமதி அப்போதும் தேவை. இந்த அனுமதிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் புதிய ரிடிமையே செய்வது நல்லது. முதல் தொகுப்பில் இறங்குபவருக்கு என் பரிந்துரையும் அதுவே.

3. வேகத்தையும் சுருதியையும் நிலைநிறுத்துங்கள்

வேகத்தைக் குறிப்பதில் ஒரு குழப்பம் எப்போதும் எழும். ஒன் டிராப் என்னும் ரெகே தாளத்தை நிமிடத்துக்கு 75 அடி என்றும் எண்ணலாம், 150 என்றும் எண்ணலாம். 150 என்று எண்ணினால் பாரின், அதாவது நான்கு அடி கொண்ட ஒரு சுற்றின், முதல் அடியில் கிக் டிரம் ஒலிக்காது. மூன்றாம் அடியில் கிக்கும் ஸ்னேரின் விளிம்புத் தட்டும் சேர்ந்து விழும். ஸ்காங்க் எனப்படும் கிட்டாரின் குறுகிய வெட்டு வாசிப்பு இரண்டிலும் நான்கிலும் வரும். 75 என்று எண்ணினால் அதே கிக் இரண்டிலும் நான்கிலும் விழும், ஸ்காங்க் அடிகளுக்கு இடையில் வரும். இரண்டும் ஒரே இசைதான். ஆனால் நீங்கள் 75 என்று எழுதி அனுப்ப, அங்கே பாடகரின் பொறியாளர் 150இல் பார்களை எண்ணினால், எட்டுப் பார் சரணம் என்று நீங்கள் சொன்னது அவருக்குப் பாதியாகத் தெரியும். எந்த எண்ணிக்கை என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

வேகம் சிறிது மாறினாலும் ரிடிமின் குணம் மாறிவிடும். 1985இல் தயாரிப்பாளர் பிரின்ஸ் ஜாமி வெளியிட்ட ஸ்லெங் டெங் ரிடிம், கேசியோ எம்டி-40 கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு ராக் அடியிலிருந்து வந்தது. அதன் வேகத்தைக் குறைத்த பிறகுதான் அது டான்ஸ்ஹாலின் நடைக்கு வந்தது. ஆகவே நினைத்த வேகத்தோடு நில்லாமல், அதற்கு இரண்டு மூன்று குறைவாகவும் கூடுதலாகவும் வைத்து, கூடவே வாயால் எதையாவது பாடிப் பாருங்கள். மூச்சு எங்கே தானாக வந்து நிற்கிறதோ அந்த வேகம் சரியானது.

அடுத்தது சுருதி. நம் ஊர் மெல்லிசைக் குழுவில் பாடகர் திரும்பிப் பார்த்து ‘ஒரு கட்டை இறக்குங்கள்’ என்றால் கீபோர்டு வாசிப்பவர் நொடியில் இறக்கிவிடுவார். இங்கே அந்த வசதி கிடையாது. ஒருவருக்காக ரிடிமின் சுருதியை மாற்றினால் பேஸின் கனம் மாறும். ஒரு பாடலிலிருந்து மறுபாடலுக்குத் தாவும்போது ரிடிம் முறிந்ததுபோல் கேட்கும். ஒரே ரிடிம் என்ற அடிப்படையே ஆடிப்போகும்.

இதனால் ஓர் உயர்ந்த குரலையும் ஒரு தாழ்ந்த குரலையும் அழைத்து, இரண்டு கோர்டுகளின், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளின், மேல் சும்மா முனகச் சொல்லுங்கள். இருவரும் சிரமமின்றி ஒரு ஸ்தாயி உலவக்கூடிய சுருதியைத் தேர்ந்தெடுங்கள். பேஸையும் கூடவே கணக்கில் கொள்ளுங்கள். நான்கு தந்திப் பேஸின் அடித்தந்தி ஈ சுரத்தில் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஏ 55 ஹெர்ட்ஸ், அதற்கு மேலுள்ள சி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். ஆதார சுரம் ஜியிலிருந்து சி வரையிலான வட்டத்துக்குள் இருந்தால், பெரிய ஒலிப்பெட்டியில் நெஞ்சில் இடிக்கும் கனமும் கிடைக்கும், தேவையானபோது பேஸ் அதற்குக் கீழே இறங்கவும் இடம் இருக்கும்.

4. இடம் விட்டு ரிடிமைக் கட்டுங்கள்

நல்ல ரிடிம் தனியாகக் கேட்கும்போது சற்றுக் குறையுள்ளதுபோல் இருக்க வேண்டும். தனியாகவே நிறைந்து ஒலித்தால், பாடகருக்கு அங்கே உட்கார நாற்காலி இல்லை என்று பொருள்.

முதலில் டிரம்ஸையும் பேஸையும் மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்கக் கேளுங்கள். அந்த இரண்டுமே தலையாட்ட வைக்கவில்லையென்றால் மேலே எதைச் சேர்த்தாலும் பயனில்லை. பிறகு ஸ்காங்க், அதன்பின் ஆர்கனின் பபிள் எனப்படும் துள்ளல் வாசிப்பு, கடைசியில் ஒரு சிறு ஊதுகருவித் துணுக்கோ மெலோடிகா வரியோ சேர்க்கலாம். அந்தக் கடைசித் துணுக்கு எப்போதும் தனித் தடத்தில் இருக்கட்டும். மெட்டோடு மோதும் பாடல்களில் அதை எடுத்துவிட நேரும்.

பல்லவிக்கு ஒரு கோர்டு வரிசை, சரணத்துக்கு வேறொரு வரிசை என்று அமைப்பது புதியவர்கள் விரும்பிச் செய்யும் தவறு. திரையிசைக்குப் பழகிய காது அதைத்தான் கேட்கும். அப்படிச் செய்தால் பன்னிரண்டு பேரும் அதே பாரில் பல்லவிக்கு வர வேண்டியிருக்கும். மூன்றாவது பாடலிலேயே கேட்பவர் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். இரண்டு கோர்டோ நான்கு கோர்டோ முடிவில்லாமல் சுழலட்டும். அப்போது ஒருவர் பல்லவியில் தொடங்குவார், இன்னொருவர் பதினாறு பார் பேசிவிட்டுப் பல்லவிக்கு வருவார். வேறுபாடு குரலிலிருந்து வரும்.

முழு நீளம் மூன்றரை நிமிடம் அளவில் இருக்கட்டும். தேவைக்குக் கூடுதலாகப் பதினாறு பார் வைத்துக்கொண்டால் பின்னர் வெட்டலாம். குறைந்தால் நீட்டுவது ஒட்டுத்தையல் போலத் தெரியும்.

5. கையெழுத்து, குரலுக்கு முன்

ரிடிம் தயாரானதும் அதை அனுப்பிவிட வேண்டும் என்று கை துடிக்கும். அனுப்பாதீர்கள். கோப்பு கையை விட்டுப் போன பிறகு நிபந்தனை பேசுவது கடினம்.

ஒவ்வொரு பாடகரோடும் ஐந்து விஷயங்களை எழுத்தில் முடிவு செய்யுங்கள். குரல் கொடுப்பதற்கான முன்பணம் எவ்வளவு, அது பின்னால் வரும் வருமானத்தில் கழிக்கப்படுமா என்பது முதலாவது. இசையமைப்பின் பங்கு இரண்டாவது: ரிடிமை உருவாக்கியவருக்குப் பாதி, சொல்லும் மெட்டும் எழுதியவருக்குப் பாதி என்ற பிரிவு பரவலான வழக்கம், ஆனால் எழுதாத வழக்கத்துக்கு வழக்காடும்போது மதிப்பில்லை. அந்தப் பாடலைத் தனியாகவும் வெளியிடலாமா, யார் வெளியிடுவது என்பது மூன்றாவது. அதே ரிடிமில், பெரிய ஒலிப்பெட்டிகளோடு நடன நிகழ்ச்சி நடத்தும் சவுண்ட் சிஸ்டம் குழுக்களுக்காகப் பெயர் மாற்றிப் பாடும் டப்பிளேட் பதிவுகளை அவர் செய்துகொள்ளலாமா என்பது நான்காவது. இதைக் கேட்க மறப்பவர்களே மிகுதி. எத்தனை நாளுக்குள் குரலை அனுப்ப வேண்டும் என்பது ஐந்தாவது.

ரிடிம் பாதியின் உள்ளேயும் ஒரு பங்கீடு உண்டு. பேஸ் வரியை உருவாக்கிய வாத்தியக்காரர் ஊதியத்துக்கு வாசித்தாரா, பங்குக்கு வாசித்தாரா என்பதை அவரோடு தனியே எழுதிக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் உரிமைகளை ஜாகாப் சங்கமும், ஒலிப்பதிவு உரிமைகளை ஜாம்ஸ் அமைப்பும் திரட்டித் தருகின்றன. பங்கு விழுக்காடுகள் கூட்டினால் நூறு வராத பாடலுக்குப் பணம் தேங்கி நிற்கும்.

6. ரிடிமைப் பூட்டி அனுப்புங்கள்

பூட்டுதல் என்றால் இனி ஒரு சுரத்தையும் தொடமாட்டோம் என்று முடிவெடுத்தல். நான் முதன்முதலில் ஒரு தொகுப்பில் வேலை செய்தபோது, ஆறாவது பாரில் பேஸ் வாசித்த ஒரு கடப்புச் சுரம் பிடிக்காமல், நான்கு பேருக்கு ரிடிம் போன பிறகு அதை மாற்றினேன். நால்வரும் பழைய சுரத்துக்கு இசைவாகத் துணைக்குரல் பாடி அனுப்பியிருந்தார்கள். ஒரேயொரு சுரம், இரண்டு வாரம் போயிற்று.

அனுப்பும் கோப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 வடிவத்தில் அனுப்பினால் கோப்பின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட சாம்பிள் அளவுக்கு வெற்றிடம் சேரக்கூடும், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 25 மில்லி விநாடி. அதன்மேல் பாடப்பட்ட குரலை மூல ரிடிமோடு வைத்தால் பாடகர் ஒழுங்காகப் பாடியிருந்தும் தாளம் தவறியதுபோல் கேட்கும். குறை அவருடையது என்று பொறியாளர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன்.

கோப்பின் பெயரில் வேகம், எண்ணும் முறை, சுருதி மூன்றும் இருக்கட்டும். முதல் பாருக்கு முன்னால் நான்கு தட்டு எண்ணிக்கை வையுங்கள். திரும்பி வரும் குரல் கோப்பு அதே முதல் தட்டிலிருந்து தொடங்கி, இடையில் வெட்டப்படாமல் கடைசிவரை நீள வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

7. குரல்களைத் தேர்ந்தெடுங்கள்

ஜமைக்காவில் டீஜே என்றால் இசைத்தட்டு போடுபவர் அல்லர். ரிடிமின் மேல் தாளத்தோடு சொல்லடுக்கிப் பேசிப் பாடுபவர். தட்டு போடுபவர் செலக்டர். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதிய அழைப்புக் கடிதங்கள் சிரிப்புக்கு இடமாகியிருக்கின்றன.

பாடகர்கள், டீஜேக்கள், பாடகரும் டீஜேயும் சேர்ந்த இணைகள் என்று மூவகையும் கலந்திருக்கட்டும். பெண் குரல் ஒன்றே ஒன்று என்று பெயருக்கு வைக்காதீர்கள். ஒரே பின்னணி எத்தனை விதமாக வளையும் என்பதற்கு ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டென் கைதட்டல்களை வைத்து உருவாக்கிய தீவாளி ரிடிமைக் கேளுங்கள். அதன் மேல் ஷான் பால் பேசுவதுபோல் பாடிய பாடல் 2003இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்குப் போனது; வெயின் வொண்டர் அதே கைதட்டல்களின் மேல் நீண்ட இழுவையாக ஒரு காதல் மெட்டைப் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒருவர் தட்டலை மிதித்து நடக்கிறார், மற்றவர் அதன் மேல் மிதக்கிறார் என்பது புரியும். அந்த வேறுபாட்டையே நீங்கள் பன்னிரண்டு தடவை தேட வேண்டும்.

பொருளையும் பகிர்ந்து கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் எட்டுப் பேர் காதலைப் பாடி அனுப்புவார்கள். என்ன பாட வேண்டும் என்று கட்டளையிடத் தேவையில்லை. யார் எந்தப் பொருளை எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் தெரிவித்தால் போதும். முடிந்த பாடலை அடுத்தவருக்குக் கேட்கக் கொடுக்காதீர்கள். கேட்டவர் அறியாமலே அதே மெட்டின் நிழலில் நடப்பார்.

8. குரல் பதிவைப் பெறுதல்

எதிரொலி, சுருதித் திருத்தம் எதுவும் சேராத உலர்ந்த குரல் வேண்டும். முதன்மைக் குரல், இரட்டிப்பு, துணைக்குரல், இடையிடையே எழும் கூவல்கள் ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக வரட்டும். பாடகர் தாம் விரும்பும் விளைவுகளோடு ஒரு மாதிரிக் கலவையையும் அனுப்பினால், அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே ரிடிமோடு பொருத்திக் கேளுங்கள். பாடகர் கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கும் நாளிலேயே குறையைச் சொன்னால் அவர் திரும்பப் பாடுவார், ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அது புதிய வேலை.

9. ஒலிக்கலவை: ஒன்றாகவும் வேறாகவும்

இந்தப் படியில் இரண்டு எதிரெதிரான கடமைகள் உள்ளன. பன்னிரண்டு பாடல்களும் ஒரே வீட்டில் பிறந்தவையாகத் தெரிய வேண்டும். ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது.

முதல் கடமைக்கு, ரிடிமின் கலவையை ஒருமுறை செய்து வார்ப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடலையும் அதிலிருந்தே தொடங்குங்கள். ஸ்னேரின் ஒலியளவு எல்லாப் பாடலிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அதை அளவுகோலாகக் கொண்டு குரலை வையுங்கள். வேறு எந்த ஆல்பத்திலும் கிடைக்காத வசதி இது: பின்னணி மாறாததால், ஒரு பாடலில் குரல் ஓங்கியிருப்பதும் மற்றொன்றில் அமுங்கியிருப்பதும் உடனே தெரிந்துவிடும். ஸ்காங்க் கிட்டார் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை குரலின் சொல் தெளிவோடு முட்டும். அங்கே கிட்டாரைச் சற்றுக் குறையுங்கள், குரலை ஏற்றாதீர்கள்.

இரண்டாம் கடமைக்கு ஜமைக்காவின் டப் முறையே கருவி. கிங் டப்பி போன்ற பொறியாளர்கள் கலவை மேசையில் தடங்களை நிறுத்தியும் திறந்தும் பாடலையே மறுபடி எழுதினார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு பாடலில் சரணத்தின் முதல் இரண்டு பார்களுக்கு டிரம்ஸையும் பேஸையும் நிறுத்தி, குரலும் ஸ்காங்கும் மட்டும் ஒலிக்க விடுங்கள். பேஸ் திரும்பி வரும்போது அந்த வரிக்குத் தனி எடை கிடைக்கும். இன்னொன்றில் ஆர்கனை முழுவதும் எடுத்துவிடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதைச் சொற்களே முடிவு செய்யட்டும். பாடலின் முக்கியமான வரி எதுவென்று தெரியாமல் நிறுத்துபவர்கள் அழகான இடத்தில் அர்த்தமில்லாமல் நிறுத்துகிறார்கள். ஜமைக்காவின் பேச்சுமொழியான பாட்வா புரியாவிட்டால் பாடகரிடமே கேளுங்கள்.

எதிரொலியின் கால அளவை வேகத்தோடு பொருத்துங்கள். 75 வேகத்தில் ஓர் அடிக்கு 800 மில்லி விநாடி. முக்கால் அடிக்கு 600. இரண்டாவது அளவு ஸ்காங்குக்கு இடையில் நழுவி விழுவதால் ரெகேயில் அழகாக அமையும்.

10. வரிசை

ஒரே முன்னிசை பன்னிரண்டு முறை வந்தால் கேட்பவர் நான்காவது பாடலில் அலுத்துவிடுவார். சில பாடல்களை முன்னிசையின்றிக் குரலிலேயே தொடங்குங்கள்; சிலவற்றில் ஒரு டிரம் உருட்டல் மட்டும் போதும். ஆனால் செலக்டர்களுக்கு வேண்டியது வேறு. ஒரே ரிடிமின் பாடல்களைத் தொடர்ச்சியாகப் போடும் ஜக்ளிங்கில் அவர்களுக்கு முழு முன்னிசையும், முதல் அடியில் துல்லியமாகத் தொடங்கும் கோப்பும் தேவை. இருவரையும் ஒரே கோப்பால் மகிழ்விக்க முடியாது. இரண்டு தொகுதிகளாகச் செய்யுங்கள்.

வலுவான பாடலை முதலில் வையுங்கள். இரண்டு டீஜேக்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். குரலில்லாத வெர்ஷன் கடைசியில் வரட்டும். அதற்குள் பேஸ் வரி கேட்பவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

11. மாஸ்டரிங்

வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் இந்த வேலையை எல்லாப் பாடல்களுக்கும் ஒரே அமர்வில் முடியுங்கள், வந்த வரிசைப்படி தனித்தனியாக அல்ல. உச்ச அளவு −1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். சத்தத்துக்காக அழுத்தினால் முதலில் சாவது கிக்குக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள மௌனம்.

12. பெயர்களும் குறியீடுகளும்

ஆல்பத்தின் கலைஞர் என்ற இடத்தில் ‘பல கலைஞர்கள்’ என்பதற்குரிய பதிவும், ஒவ்வொரு தடத்திலும் அவரவர் பெயரும் வர வேண்டும். தயாரிப்பாளர் ஆல்பக் கலைஞர் இடத்தில் தம் பெயரைப் போட்டுக்கொண்டால், பாடகர்களின் சொந்தப் பக்கங்களில் பாடல் தோன்றாமல் போகக்கூடும். ஒவ்வொரு பாடலுக்கும், வெர்ஷனுக்கும் தனித்தனியாக, ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்தெண் குறியீடு வேண்டும். ரிடிமின் பெயரை ஆல்பத் தலைப்பிலும் எழுதுங்கள். செலக்டர்கள் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. காணொளித் தளங்களின் தானியங்கி ஒப்பீட்டு முறை ஒலியைக் கொண்டு உரிமையாளரைக் கண்டறிகிறது. உங்கள் பன்னிரண்டு பாடல்களின் அடியிலும் ஒரே ஒலி இருப்பதால், ஒரு பாடகரின் பதிவேற்றத்தின் மேல் இன்னொரு பாடலின் பெயரால் உரிமை கோரப்படும் நிலை உண்டாகலாம். வெளியீட்டு நிறுவனத்துக்குக் கோப்புகளை ஒப்படைக்கும்போதே, பன்னிரண்டும் ஒரு ரிடிமைப் பகிர்பவை என்று எழுதித் தெரிவித்து, குரலற்ற வெர்ஷனை அந்த ஒப்பீட்டு முறையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பாடல்கள் வெளிவரும் நாளுக்கு முன்னால் பாடகர்கள் அனைவருக்கும் தத்தம் பாடலின் இறுதிக் கோப்பு, ஐஎஸ்ஆர்சி எண், கையெழுத்திட்ட பங்கீட்டுத் தாளின் நகல் ஆகிய மூன்றையும் ஒரே கடிதத்தில் அனுப்பிவிடுங்கள்.